பதில் வராத போனும் பதறும் மனசும்

நாலு தடவை மணி அடித்தும் எதிர்ப்பக்கம் போனை எடுக்கவில்லை. உங்களுக்கு என்ன தோன்றும்? "குளிச்சிட்டு இருப்பார், அப்புறம் கூப்பிடுவார்" என்று அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்களா? "என் மேலே ஏதோ கோபம், அதான் எடுக்கலை" என்று வயிற்றைப் பிசையுமா? இல்லை, "எடுக்காட்டிப் போகட்டும், யாரை நம்பி நான் இருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா?

போன் ஒன்றுதான், எடுக்காததும் ஒன்றுதான். நினைப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று! இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று மனோதத்துவ நிபுணர்கள் எழுபது வருஷத்துக்கு மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். துருவித் துருவிக் கடைசியில் அவர்கள் போய் நின்ற இடம் குழந்தையின் தொட்டில் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா?

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் தெருவில் மனோதத்துவம் எம்.எஸ்சி. படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பரீட்சைக்குப் படித்ததையெல்லாம் சாயங்கால வேளையில் வாசல்படியில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் ஒப்பிப்பாள். அவள் சொன்னதையும், நாலு வீட்டில் நான் கண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாசி மகக் கூட்டத்தில்

எங்கள் வைத்திக்குப்பம் புதுச்சேரி நகரத்தில் கடலை ஒட்டிய மீனவர் குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்பட சுற்று வட்டாரத்து ஸ்வாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது இந்தக் கடற்கரைக்குத்தான். அன்றைக்கு மணல் தெரியாத கூட்டம்! அந்த நெரிசலில் குழந்தை கை நழுவிப் போவதும், மைக்கில் கூப்பிட்டுச் சொல்வதும் எங்களுக்குப் பழகிப் போன சமாசாரம்.

அம்மா ஓடி வந்து பிள்ளையை வாங்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு குழந்தை "ஓ"வென்று அழுதுகொண்டு தாவும். இடுப்பில் ஏறி, தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இரண்டு நிமிஷத்தில் பலூன்காரனைக் கை காட்டும். இன்னொன்று அம்மாவிடம் வந்த பிறகுதான் அழுகையை அதிகமாக்கும். அணைத்தால் உதறும், இறக்கிவிட்டால் புடவையைப் பிடித்து இழுக்கும், பாதி வழிவரை விசும்பும். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அழாது. அம்மா வந்ததைப் பார்த்தும் பாராதது போல் கையிலிருக்கும் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கும். "எவ்வளவு சமர்த்து!" என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

நாம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற அம்மாள் இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். முதலில் 1954-55ல் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டு கிராமங்களில், தாயும் சேயும் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 26 குடும்பங்களுக்குக் குழந்தை பிறந்தது முதல் ஒரு வருஷம் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். ஒரு வயது ஆனதும் ஒரு சின்னச் சோதனை. பொம்மைகள் இருக்கும் புது அறையில் தாயும் குழந்தையும். பழக்கமில்லாத ஒரு பெண் உள்ளே வருவாள். தாய் மூன்று நிமிஷம் வெளியே போய்த் திரும்புவாள். மொத்தம் இருபது நிமிஷ சமாசாரம்தான்.

தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாய் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருந்தது. அதை வைத்து மூன்று வகை பிரித்தார். நம் பேச்சில் "பிள்ளை அம்மாகிட்ட ரொம்ப ஒட்டுதல்" என்போமே, அந்த ஒட்டுதலிலேயே மூன்று தினுசு. தாவி வந்து சீக்கிரம் தேறுவது நிம்மதியான ஒட்டுதல். வந்தும் தேறாமல் இழுபடுவது தவிப்பான ஒட்டுதல். பாராதது போல் இருப்பது ஒதுங்கும் ஒட்டுதல். இந்த மூன்றிலும் சேராமல் குழம்பிப்போய் நிற்கும் குழந்தைகளும் உண்டு என்று பிற்பாடு வந்தவர்கள் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்.

அந்தச் "சமர்த்து"க் குழந்தை இருக்கிறதே, அதற்கு உள்ளுக்குள் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிற்காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளின் நாடித்துடிப்பை அளந்து பார்த்தபோது அவையும் படபடத்துக்கொண்டுதான் இருந்தன. அழுதால் அணைப்பு வராது என்று பழகிப்போன குழந்தை அழுகையை உள்ளேயே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

டீ வேளை அம்மா

இந்த ஒட்டுதல் பற்றிய சித்தாந்தத்தை முதலில் சொன்னவர் ஜான் பவுல்பி என்ற இங்கிலாந்து டாக்டர். 1907ல் வசதியான வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்து பிரபு வீட்டுப் பழக்கப்படி பெற்ற தாயைத் தினம் டீ வேளைக்குப் பிறகு ஒரு மணி நேரம் பார்ப்பதோடு சரி. வளர்த்ததெல்லாம் ஓர் ஆயாம்மா. அவருக்கு நாலு வயதாகும் சமயத்தில் அந்த ஆயாம்மா வேலையை விட்டுப் போய்விட்டாள். வளர்த்தவளைப் பறிகொடுப்பது பெற்றவளைப் பறிகொடுப்பதற்குக் கிட்டத்தட்ட சமம் என்று வயதான பிறகு எழுதினார். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் அவரிடம் அறிக்கை கேட்டது. 1951ல் வந்த அந்த அறிக்கையில், குழந்தையின் உடம்புக்கு வைட்டமினும் புரதமும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதன் மனசுக்குத் தாயின் அரவணைப்பு என்று எழுதினார். இன்று நமக்கு இது "இதைச் சொல்ல ஒரு டாக்டரா?" என்றிருக்கும். ஆனால் அன்றைக்கு இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் அட்மிட் ஆன குழந்தையைப் பெற்றவர்கள் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தாலே பெரிசு! பவுல்பியோடு வேலை செய்த ராபர்ட்ஸன் 1952ல், ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் எடுத்துக் காட்டினார். எத்தனையோ சண்டைக்குப் பிறகு, 1959ல்தான் பெற்றோரைத் தாராளமாக விடச் சொல்லி அரசாங்கக் குழு சிபாரிசு செய்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளை கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்ளும் நம் ஊர் அம்மாக்களை நர்ஸம்மாக்கள் என்னதான் விரட்டினாலும், விஷயம் அம்மாக்கள் பக்கம்தான் இருந்திருக்கிறது!

இந்த இடத்தில் கைக்குழந்தைக்காரிகள் சிலருக்குப் பகீரென்று இருக்கும். "நான் வேலைக்குப் போகிறேனே, என் பிள்ளை கெட்டுப் போய்விடுமா?" எங்கள் குப்பத்துப் பெண்கள் விடிவதற்கு முன்னே கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். பிள்ளையை வளர்ப்பது ஆயா, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று ஒரு பட்டாளம். பவுல்பி பார்த்தது பெரும்பாலும் ஒரு வீட்டில் ஒரு தாய் என்ற வழக்கத்தை. நம் நாட்டில் புவனேஸ்வரத்தில் 1960களிலிருந்து பல குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 1999ல் புத்தகம் எழுதிய சூசன் சீமோர், ஒரு குழந்தையைப் பல கைகள் சேர்ந்து வளர்ப்பதுதான் இங்கே வழக்கம் என்று காட்டினார். தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கி எழுதிய மார்கரெட் டிராவிக்கின் புத்தகம் 1990ல் வந்தது. பாசத்தை வெளியே காட்டாமல் அடக்கி வைப்பதும், கண் பட்டுவிடுமே என்று தாய் தன் பிள்ளையையே ஆசையாகப் பார்க்கப் பயப்படுவதும், ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அம்மாக்கள் இருப்பதும் அந்த அம்மாளுக்கு வியப்பாக இருந்திருக்கிறது. நமக்கு அது தினப்படி வாழ்க்கை.

ஆகவே எத்தனை கைகள் என்பதல்ல கேள்வி. அழுதால் ஒருத்தராவது வருவார்களா, வருகிறவர்கள் நாளைக்கும் வருவார்களா, இதுதான் குழந்தை போடும் கணக்கு. இதில் அப்பழுக்கில்லாத தாய் யாரும் இல்லை. குழந்தை வைத்தியரும் மனோதத்துவ நிபுணருமான டொனால்ட் வின்னிகாட், ஓரளவு நல்ல தாயாக இருந்தால் போதும், குறையே இல்லாத தாய் வேண்டாம் என்று 1950களிலேயே சொல்லிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த டாக்டர் அவர்!

வளர்ந்த பிறகு

தொட்டிலில் போட்ட கணக்கு வாலிபத்தில் என்ன ஆகிறது? 1985ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்துப் பத்திரிகை ஒன்றில், நெருங்கியவர்களிடம் நீங்கள் எப்படி என்று ஒரு கேள்வித்தாள் வெளிவந்தது. சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் என்ற இரண்டு பேர் தயாரித்தது. வந்த பதில்களில் 620ஐ எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 56 பேர் நிம்மதி ரகம், 25 பேர் ஒதுங்கும் ரகம், 19 பேர் தவிக்கும் ரகம். 1987ல் இது பிரசுரமானது. ஒரு வயதுக் குழந்தைகளிடம் பார்த்த அதே மூன்று தினுசுகள் பெரியவர்களிடமும்! பத்திரிகைக் கேள்வித்தாளை எவ்வளவு தூரம் நம்புவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அதைத் தொட்டு எத்தனையோ நாடுகளில் ஆராய்ச்சிகள் நடந்துவிட்டன.

இதற்கு முன்பே, 1960களில், பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற டாக்டர் வேறொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். மனச்சோர்வு வந்தவர்களிடம் பேசும்போது அவர்கள் நினைப்பிலேயே சில கோணல்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அடுத்தவர் மனசில் இருப்பது தனக்குத் தெரியும் என்று முடிவு கட்டுவது. ஒரு தடவை நடந்ததை "எப்பவுமே இப்படித்தான்" என்பது. சின்னதை மலையாக்குவது. பாலைப் போல் வெள்ளை, இல்லாவிட்டால் கரியைப் போல் கறுப்பு, நடுவில் ஒன்றுமில்லை என்பது. எங்கே எது தப்பானாலும் தன்னால்தான் என்பது. பெக் 2021ல் தமது நூறாவது வயதில் காலமானார். இன்றைக்குப் பேச்சு வைத்தியம் செய்யும் டாக்டர்கள் பலர் அவர் வழியில் வந்தவர்கள்.

இந்த இரண்டு நூலையும் முடிச்சுப் போட்டவர்களில் நான்சி காலின்ஸ் ஒருவர். 1996ல் காலேஜ் மாணவர்களிடம் சில சம்பவங்களைக் கொடுத்து, காரணம் எழுதச் சொன்னார். நீங்கள் சோர்ந்திருக்கும்போது உங்களவர் ஆறுதல் சொல்லவில்லை, விருந்தில் உங்களைத் தனியே நிற்க விட்டுப் போனார், இப்படிப்பட்டவை. நிம்மதி ரகம் "களைப்பாக இருந்திருப்பார்" என்கிற மாதிரி எழுதியது. தவிக்கும் ரகம் "என் மேல் அக்கறை இல்லை" என்கிற பக்கமே சாய்ந்தது. இஸ்ரேலில் மிக்குலின்சர் என்பவர் 1997ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனசு நிம்மதியாக இருப்பவர்கள் புதிதாக ஒன்று தெரியவந்தால் முதல் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவும் தயாராக இருந்தார்கள். மற்றவர்கள் முதலில் எழுதியதையே கல்லில் எழுதியதாக வைத்துக்கொண்டார்கள். ஒதுங்கும் ரகத்துக்குக் கோணல் வேறு மாதிரி. யாராவது நல்லது செய்தால் "இவருக்கு என்ன காரியம் ஆகணுமோ" என்று சந்தேகம் வரும். தனக்கு யாரும் தேவையில்லை என்ற நினைப்பு ஓங்கி நிற்கும்.

என் அக்கா மகள்

அவள் பெயரை எழுத வேண்டாம் என்றாள். விஷயத்தை எழுதலாம் என்றாள். வயது 23, சென்னையில் வேலை. அக்காவும் மாமாவும் பிரான்சில். எங்கள் புதுச்சேரியில் இது அதிசயமில்லை. 1962ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் நிறைய. அவள் இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரை இங்கே வைத்திக்குப்பத்தில் என் அம்மாவிடம்தான், அவளுடைய ஆயாவிடம்தான், வளர்ந்தாள். எட்டு வயதில் பெற்றவர்கள் வந்து கூட்டிப் போனார்கள். ஊரே சந்தோஷப்பட்டது: "பிள்ளை அம்மாகிட்ட போய்ச் சேர்ந்தாளே!" அங்கே போய் மாசக்கணக்கில் அவள் சரியாகப் பேசவே இல்லையாம். பதினோரு வயதில் ஆயா காலமான செய்தி போனில் போயிற்று. காரியத்துக்கு அவளை அழைத்து வர முடியவில்லை. பெற்றவள் பக்கத்தில் இருக்கும்போது குழந்தைக்கு என்ன குறை என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். பவுல்பியின் ஆயாம்மா ஞாபகம் வருகிறதா?

போன வருஷம் அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆயிற்று. பையன் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை, பாதி நாள் நைட் டூட்டி. ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போன்.

"சித்தி, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிடுங்க."

"என்னடி ஆச்சு? சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்லை. என் மெசேஜைப் படிச்சிட்டார், புளூ டிக் வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. பதில் இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கலை. எனக்கு ஆரம்பத்திலேருந்தே தெரியும். என்கிட்ட யாருமே நிலைச்சு இருக்க மாட்டாங்க, சித்தி."

"சாப்பிட்டியா?"

"நேத்திலேருந்து பசியே இல்லை."

அந்த நாலு வாக்கியத்தை எங்கள் தெரு எம்.எஸ்சி.யிடம் பிற்பாடு சொன்னபோது அவள் விரல் விட்டு எண்ணினாள். "பிடிக்கலை" என்பது அடுத்தவர் மனசைப் படித்தது. "ஆரம்பத்திலேருந்தே" என்பது பழைய கதைக்கு ஏற்றபடி புதுக் கதையைத் திருத்தி எழுதியது. "யாருமே" என்பது ஒன்றை எல்லாமாக்கியது. ரெண்டு மணி நேரத்துக்காகக் கல்யாணத்தையே நிறுத்துவது எலியை மலையாக்கியது.

அன்றைக்கு எனக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. "அவர் வாயால சொன்னாரா? இல்லையில்ல? காலையிலே கேட்போம், இப்ப ரெண்டு வாய் தயிர் சாதம் சாப்பிடு" என்று சொல்லி, அவள் சாப்பிடும் சத்தம் கேட்கிறவரை போனை வைக்கவில்லை. காலையில் பார்த்தால், பையன் மெசேஜைத் திறந்த நேரத்தில் அவசரமாக ரத்தப் பரிசோதனை வந்து, விடிய விடிய அதிலேயே நின்றிருக்கிறான். "புத்தி இல்லாத பொண்ணு" என்று அக்கா திட்டினாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு வயதில் ஒரு தடவை, பதினொன்றில் ஒரு தடவை, கேட்காமல் கொள்ளாமல் ஆள் மறைந்து போனதைப் பார்த்தவள் அவள். ஆள் மௌனமானால் அது போய்விட்டதற்கு அடையாளம் என்ற பாடம் அவளுக்கு அப்போது சரியான பாடமாகத்தான் இருந்தது. இன்றைக்கு வேறு ஆளிடம் அதைக் கொண்டுபோய்ப் பொருத்துவதுதான் கோணல்.

இது மாறுமா?

மாறும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு வயதில் சோதித்த 60 குழந்தைகளில் 50 பேரை இருபது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். 2000ல் வெளியான கணக்குப்படி, நிம்மதி, நிம்மதியில்லாமை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 72 பேர் அப்படியே இருந்தார்கள். மற்றவர்கள் மாறியிருந்தார்கள். சாவு, விவாகரத்து, பெரிய வியாதி என்று வீட்டில் அடி விழுந்தவர்களில் மாறியவர்கள் அதிகம். வறுமையில் வளர்ந்தவர்களை வைத்து அதே வருஷம் வெளிவந்த மினசோட்டா ஆராய்ச்சியிலோ, ஒரு வயதுக்கும் வாலிபத்துக்கும் சம்பந்தம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை! அதனால் இருபது வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு சுபாவத்துக்கும் தாயைக் கூண்டில் ஏற்றுவது நியாயமே அல்ல. கெட்டதற்கு மாறுவது போலவே நல்லதற்கும் மாறுகிறது. நம்பகமான கணவன், ஒரு நல்ல சிநேகிதி, ஒரு டீச்சர், பேச்சு வைத்தியம் செய்யும் டாக்டர், இவர்களால் வளர்ந்த பிறகு நிம்மதியைச் சம்பாதித்துக்கொண்டவர்கள் உண்டு.

என் அக்கா மகள் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். மனசு பதறினால் முதலில் என்ன நடந்தது என்று எழுதுவாள்: "படித்தார், பதில் இல்லை." அடுத்து, தான் என்ன நினைத்தாள் என்று. அதற்குப் பிறகு அதே சம்பவத்துக்கு வேறு மூன்று காரணம். மூன்றாவது காரணம் கிடைப்பதுதான் கஷ்டமாம். அரை மணி கழித்து நேரே கேட்டுவிடுவாள்: "பதில் வரலையே, வேலையா இருக்கீங்களா?" பையனுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவனும் டூட்டிக்குள் நுழையும்முன் "உள்ளே போறேன்" என்று இரண்டு வார்த்தை தட்டிவிடுகிறான். இதற்கு என்ன செலவு, சொல்லுங்கள்?

கைக்குழந்தைக்காரிகளுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளை அழும் என்று கொல்லைப்பக்கமாக நழுவிப் போகிறோமே, அதை விட்டுவிடுங்கள். "அம்மா போயிட்டு மத்தியானம் வந்துடுவேன்" என்று முகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, சொன்னபடி வாருங்கள். அழட்டுமே! ஆள் காணாமல் போவதைவிட அழுதுவிட்டுத் தேறுவது மேல். அப்புறம், நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு விளையாட்டு உண்டு: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்", "சேட்டை பண்ணினா பூச்சாண்டிகிட்டே குடுத்துடுவேன்." நமக்குச் சிரிப்பு. மூன்று வயதுக்கு அது சிரிப்பாகத் தெரியாது. வளர்த்த பாட்டியிடமிருந்தோ, ஆயாம்மாவிடமிருந்தோ குழந்தையைப் பிரிக்க வேண்டி வந்தால் ஒரேயடியாகப் பிரிக்காதீர்கள். போனில் குரலாவது கேட்கட்டும், போட்டோ கண்ணில் படும்படி இருக்கட்டும். "இன்னுமா ஆயாவையே நினைச்சிட்டு இருக்கே?" என்று கேட்கவே கேட்காதீர்கள்.

வளர்ந்த பிள்ளை ராத்திரியில் போன் செய்து "என்னை யாருக்கும் பிடிக்கலை" என்றால், "சேச்சே, அசட்டு நினைப்பு" என்று உடனே மறுக்க வேண்டாம். மறுத்தால் "உங்களுக்கும் புரியலை" என்று அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, எதை வைத்து அப்படித் தோன்றியது என்று மட்டும் விசாரியுங்கள். தூக்கம், சாப்பாடு இரண்டும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாலும், காத்திருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். புதுச்சேரியில் ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குகிறவர்களுக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் என்ற போன் சேவை உண்டு. எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பிள்ளை பேச மறுத்தால், என்ன செய்வதென்று கேட்க நீங்களே கூப்பிடலாம்.